ஃபரா கல்யாணத்தன்று நின்ற விமானம்

நஜ்வா எதையெல்லாம் எதிர்த்து நின்று வாங்கினாள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் வரப்போவது அவளுக்குத் தலைகுனிவான சங்கதி. அதை மட்டும் கேட்டுவிட்டு யாரும் எழுந்து போய்விடக் கூடாது.

பள்ளிக்கூடத்தில் அவளைக் கணக்குப்பதிவு வகுப்பில் போட்டார்கள். தலைமையாசிரியர் அறை வாசலில் காலை முழுக்க நின்று, தொழில்நுட்ப வகுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பெண்பிள்ளை கையில் கிரீஸ் இருந்தால் எவன் மோதிரம் போடுவான் என்று அத்தா முஸ்தஃபா கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் மனம் மாற இரண்டு நோன்புக் காலம் ஆயிற்று. மாறிய பிறகோ, அவர் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடி வாங்காவிட்டாலும் அவர் மகளைப் பற்றிக் கேட்காமல் போக முடியாது. பாலிடெக்னிக்கில் அவளோடு சேர்ந்த பெண்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். முடித்தது அவள் ஒருத்திதான். பினாங்கு விமான நிலையத்தில் கொடுத்த சீருடை ஆம்பிளை அளவு. அக்கா ரோஹானா கையையும் காலையும் வெட்டித் தைத்துக் கொடுத்தாள். விமானத்தின் வாலுக்குப் பக்கத்தில் போடும் உயரமான மேடையில் ஏறினால் முழங்கால் ஆடும். ஆட ஆட ஏறி அதையும் பழக்கிக்கொண்டாள். பழுதுபார்க்கும் கூடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, வெயிலில் நடந்து பயணிகள் கட்டடத்துக்குப் போக வேண்டும். கேட்டுக் கேட்டு அதையும் வாங்கினாள். லைசென்ஸுக்கு எழுத வேண்டிய தாள்களில் எலெக்ட்ரானிக்ஸ் அவளை மூன்று முறை கவிழ்த்தது. நான்காம் முறை டெங்கிக் காய்ச்சல் விட்ட மறுவாரம் போய் எழுதித் தேறினாள்.

பாக்கி இருந்தது ஒன்று. இந்தத் தொழிலில் லைசென்ஸ் கையில் வந்தாலும் போதாது. எந்த நிறுவனத்து விமானமோ அந்த நிறுவனம் ஆளைக் கூப்பிட்டு விசாரித்து, இவளை நம்பலாம் என்று தனியாக அனுமதி தர வேண்டும். அந்த அனுமதி இருக்கிறவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும். மற்றவர்கள் வேலை செய்யலாம், கையெழுத்துப் போட முடியாது. நஜ்வாவின் விசாரணைக்கு அடுத்த மாதம் என்று தேதி குறித்திருந்தார்கள். வீட்டில் எல்லோரும் அந்தத் தேதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்னால் வந்தது தங்கை ஃபராவின் கல்யாணம்.

இங்கே ஆள் பஞ்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொரோனா காலத்தில் விமானங்களை நிறுத்தி வைத்தபோது மெக்கானிக்குகளையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். விமானங்கள் திரும்பி வந்தன, ஆட்கள் வரவில்லை. ஒருவர் ஆயர் ஈத்தாமில் பர்கர் வண்டி போட்டு நன்றாக இருந்தார். ஒருவர் கிராப் டாக்சி ஓட்டினார். மிச்சம் இருந்தவர்களில் கை தேர்ந்தவர்களைச் சிங்கப்பூர் கூப்பிட்டுக்கொண்டது, அதைவிடத் தேர்ந்தவர்களை வளைகுடா கூப்பிட்டுக்கொண்டது. விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸில் நஜ்வா வேலை பார்த்த நிறுவனத்தில் கையெழுத்துப் போடத் தகுதியுள்ளவர் என்று மிஞ்சியது அந்தோணிராஜ் மட்டும்தான். பருத்த மனிதர், முன்கோபி. ஓய்வு வயது தாண்டியும் ஒப்பந்தத்தில் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு மெக்கானிக் காய்ச்சலென்று படுத்தால் அன்றைய அட்டவணையே படுத்துவிடும்.

கல்யாணம் ஒரு சனிக்கிழமை. டத்தோ கிராமாட்டில் வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில் காலையில் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் ஜொகூர்க்காரர்கள். மாலை விமானத்தில் பெண்ணை அழைத்துக்கொண்டு போய், மறுநாள் மதியம் அங்கே அவர்கள் விருந்து. நஜ்வா முழு நாள் விடுப்பு வாங்கியிருந்தாள். பெண்ணை அலங்கரிக்க வந்த மக் அண்டாம், வீட்டுப் பெண்கள் தலைகளையும் ஒரு கை பார்த்தாள். ஒவ்வொருத்தியையும் நாற்காலியில் உட்கார வைத்து, ஷாலைச் சுற்றி, வாயில் கவ்வியிருந்த ஊசிகளை எடுத்து எடுத்துக் குத்திவிட்டாள். நஜ்வாவின் இரண்டு காதுக்கு மேலும் முத்துத் தலை வைத்த ஊசி ஒவ்வொன்று. கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கே அழகாகத்தான் இருந்தது.

பிரியாணித் தட்டு முன்னால் வந்த நேரம் அந்தோணிராஜிடமிருந்து போன்.

"கல்யாண வீட்டுல கூப்பிடறேன், கோவிச்சுக்காதம்மா. பறவை அடிச்சு ஒன்னு வந்து நிக்குது. இன்ஜின் வாய்க்குள்ள படுத்துப் பாக்கணும். இந்த வயித்தை வச்சிக்கிட்டு நான் எங்க படுக்கிறது? அசர் தொழுகைக்குள்ள விட்டுடறேன் லா."

எந்த விமானம் என்று கேட்டாள். கோத்தா பாரு போவது என்றார். ஜொகூருக்கு வேறொன்று சுபாங்கிலிருந்து வருகிறதாம். அதை அப்படியே சம்பந்தி சலேஹாவிடம் சொல்லி, உங்கள் விமானத்துக்கு ஒன்றுமில்லை, கவலைப்பட வேண்டாம் என்று விடைபெற்றாள்.

"பிரியாணி பத்தலேன்னா ஆள் ஓடிப் பாத்திருக்கேன். பிளேனுக்கு ஓடுறதை இங்கதான் பாக்கறேன்" என்றாள் சலேஹா. பந்தியே சிரித்தது. நஜ்வாவும் சிரித்தாள். உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

வேலைக்கென்று அவள் வைத்திருந்தது தூடோங் என்ற தைத்த முக்காடு. தலை வழியாக மாட்டிக்கொள்வது, ஊசி வேண்டாம். விமானத்துக்குப் பக்கத்தில் ஊசி, மோதிரம், கடிகாரம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்பது அங்கே முதல் நாள் சொல்லித் தரும் பாடம். விடுப்பென்று அந்தத் தூடோங்கைத் துவைக்கக் கொண்டுபோயிருந்தாள், அது வீட்டுக் கொடியில் காய்ந்தது. வேறு வழியில்லாமல், சீருடை மாற்றும் அறையில் நின்று கல்யாண ஷாலிலிருந்தே ஊசிகளைத் தடவித் தடவிக் கழற்றி ஒரு குவளையில் போட்டாள். ஷால் நுனிகளைக் கழுத்துப்பட்டைக்குள் இறுக்கிச் செருகிக்கொண்டு போனாள்.

வேலை சுத்தமாகத்தான் நடந்தது. இன்ஜின் வாயின் உதட்டில் ஒட்டியிருந்த இறகையும் காய்ந்த இரத்தத்தையும் துடைத்தாள். ரப்பர் பாயை விரித்து உள்ளே படுத்து, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு விசிறித் தகட்டையும் விளிம்போடு விரலால் வருடிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை, ஒரு வளைவு இல்லை. அவள் வெளியே வந்ததும் அந்தோணிராஜ் பாதி உடம்பை உள்ளே விட்டுத் தானும் பார்த்தார், முனகிக்கொண்டே இறங்கினார், கையெழுத்துப் போட்டார்.

நஜ்வா அசர் தொழப் போனாள். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் உளூ செய்ய ஷாலைத் தளர்த்தியபோது விரலில் ஏதோ குத்தியது. இடது காதுக்கு மேலே, மடிப்புக்குள், முத்துத் தலை ஊசி ஒன்று அப்படியே இருந்தது. வலது பக்கம் தடவினாள். இல்லை. குவளையைக் கவிழ்த்துப் பார்த்தாள். வெறும் ஊசிகள் கிடந்தன, முத்து இல்லை.

ஆக, ஊசியோடு இன்ஜினுக்குள் போயிருக்கிறாள். அதன் ஜோடி எங்கே?

அவள் மனம் ஒவ்வொரு இடமாகப் போய் வந்தது. மண்டபத்தில் விழுந்திருக்கலாம். காரில் விழுந்திருக்கலாம், கார் நிறுத்துமிடத்தில் விழுந்திருக்கலாம். இன்ஜின் வாய் அத்தனை இடங்களில் ஓர் இடம். விழுந்திருந்தாலும் ஊசிதானே, காற்று இழுத்துப் பின்னால் துப்பிவிடும். சொன்னால் ஊசி குத்திக்கொண்டு போன கதை வெளியே வரும். அடுத்த மாத விசாரணையில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். இத்தனை வருஷம் நின்று வாங்கியது ஒரு ஊசியில் போய்விடும். அவள் அந்த ஊசியை மற்ற ஊசிகளோடு குவளையில் போட்டாள். உளூ செய்தாள். தொழுதாள். நாலு ரக்அத்தும் நிதானமாக முடித்து, கை ஏந்தி துவாவும் கேட்டாள்.

அந்தத் தொழுகையைத்தான் பிற்பாடு அவளால் நினைக்கவே முடியாமல் போனது.

வெளியே வந்து ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பயணிகள் கதவைத் திறந்துவிட்டார்கள். வரிசை நடந்து வந்தது. அதன் நடுவில் மருதாணிச் சிவப்பில் ஒரு பாவாடை தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. சித்தி முறையான ஷாஹிரா சாச்சி அதைப் பின்னாலிருந்து தூக்கிப் பிடித்திருந்தாள். ஃபரா. அவளுக்கு முன்னால் மாப்பிள்ளை, சலேஹா, அவர்கள் உறவு மொத்தமும். ஃபரா நஜ்வாவைப் பார்த்துவிட்டு வளையல் குலுங்கக் கையை ஆட்டினாள்.

நடந்தது இதுதான். சுபாங்கிலிருந்து வர வேண்டிய விமானத்துக்கு அங்கே கையெழுத்துப் போட ஆள் கிடைக்கவில்லை. அதனால் கோத்தா பாரு பயணத்தைத் தள்ளி வைத்து, இந்த விமானத்தை ஜொகூருக்கு மாற்றிவிட்டார்கள்.

தண்ணீர் பாட்டில் எங்கே விழுந்ததென்று அவளுக்குத் தெரியாது. அந்தோணிராஜ் முன்னால் போய் நின்றபோது மூச்சு வாங்கியது.

"அண்ணே, அனுப்பாதீங்க. என் தலை ஊசி ஒன்னைக் காணோம். ஊசியோட உள்ள போயிட்டேன்."

அவர் அவள் தலையைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார். "உள்ள விழுந்துச்சா?"

"தெரியல."

"விழலையா?"

"அதுவும் தெரியல அண்ணே."

"ஊசி ஒன்னும் பண்ணாதுன்னு நீயும் சொல்லலாம், நானும் சொல்லலாம். கையெழுத்து எவன் போடறது?" என்றார். பேனாவை எடுத்து, தான் போட்ட கையெழுத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டைப் போடும்போது அவர் காது மடல் சிவந்துபோயிருந்தது.

ஏறியவர்களை இறக்கினார்கள். நஜ்வா மறுபடி இன்ஜினுக்குள் படுத்தாள். இந்த முறை தலையில் யாரோ கொடுத்த வலைத் தொப்பி. துளை துளையாகப் பார்த்தாயிற்று, இல்லை. உட்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் பாம்பு மாதிரி நீளும் கேமராவை விட வேண்டும். கேமரா அலமாரியில் இருந்தது. அதை விட்டுப் பார்த்துச் சொல்லும் தகுதி உள்ளவர் போன மாதம்தான் வளைகுடாவுக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் பயணிகள் ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் முடிந்திருக்கும் வேலை. இப்போது தலைமையிடத்திலிருந்து வேறொருவர் வர வேண்டும், அவரும் மறுநாள் காலைதான் வருவார். பயணம் ரத்து என்று அறிவித்தார்கள். காரணம், தொழில்நுட்பக் கோளாறு.

அதற்குள் அந்தோணிராஜ் அவளை அலுவலகத்தில் உட்கார வைத்து, வீட்டுக்குப் போன் போட்டு, மொத்தம் எத்தனை ஊசி குத்தினார்கள் என்று கேட்கச் சொன்னார். ஒலிபெருக்கியில் போடச் சொன்னார். கல்யாண வீட்டுப் பெண்கள் மொத்தமும் அந்தச் சின்ன அறைக்குள் வந்துவிட்டார்கள்.

"நாலு" என்றாள் அம்மா.

"நாலா? எனக்கே ஏழு குத்தியிருக்கு" என்றது ஒரு குரல்.

"உனக்கு மண்டை பெருசு, ஏழு வேணும்" என்றது இன்னொன்று.

ரோஹானா எல்லோரையும் அடக்கிவிட்டு, அது மக் அண்டாம் குத்தியது, யாரும் எண்ணவில்லை என்றாள். மக் அண்டாமைத் தேடிப் பிடித்தார்கள். அவள் அப்போது சிம்பாங் அம்பாட்டில் அடுத்த கல்யாணத்தில் இருந்தாள். இன்றைக்கு எத்தனை தலை பார்த்தேன், எந்தத் தலையில் எத்தனை என்று எனக்கெப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டாள். அந்தோணிராஜுக்குத் தமிழ் தெரியும் என்பதுதான் நஜ்வாவுக்குப் பெரிய தண்டனை. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

நிறுவனம் ஏற்பாடு செய்த பேருந்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் சம்பந்திகளும் ஜொகூருக்குக் கிளம்பினார்கள். நஜ்வா அவர்கள் முகத்தைப் பார்க்க வெளியே வரவில்லை.

மறுநாள் காலை, ஜொகூரில் ஃபராவின் முக்காட்டை விருந்துக்காகக் கழற்றி மாற்றும்போது, உச்சியில் முத்துத் தலை ஊசி ஒன்று தனியாக நின்றது. ஷாஹிரா சாச்சி அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, இது நஜ்வா தலையிலிருந்து எடுத்தது அல்லவா என்றாள். நிக்காஹ்வுக்கு முன்னால் ஃபராவின் முக்காடு சரிந்திருக்கிறது. நஜ்வா குனிந்து ஃபராவின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். சாச்சி கைக்கு எட்டிய தலையிலிருந்து ஊசியை உருவிப் பெண்ணின் தலையில் குத்திவிட்டு மறந்துவிட்டாள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இது ஒரு குற்றமே இல்லை. யார் ஊசி யார் தலையில் என்று யாரும் கேட்பதில்லை. விமானம் நின்றது ஊசிக்காக என்பதே சாச்சிக்கு ரோஹானா போனில் சொல்லி அன்று காலையில்தான் தெரியும்.

கேமரா விட்டவரும் உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார். விமானம் மதியம் கிளம்பியது. ஒன்றுமில்லாததற்கு ஒரு நாள் முழுக்க நின்ற விமானம். ஜொகூர் விருந்தில் பெண் கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள்; வந்தவர்களுக்கெல்லாம் சலேஹா காரணம் சொன்னாள். பினாங்கில் மறுவிருந்து வைத்தபோது, எல்லோர் முன்னாலும் நஜ்வா கையில் ஒரு பொட்டலம் கொடுத்தாள். உள்ளே தூடோங்குக்குப் போடும் காந்த வில்லைகள்.

"ஊசி இல்லை பாரும்மா. இனிமே எங்க ஆளுங்களை பஸ்ல அனுப்பாதே."

காந்தத்தையும் விமானத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்பதை நஜ்வா சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, அடுப்படிக்குப் போனாள். வேலையிடத்தில் சாமான் ஏற்றும் பையன்கள் அவளுக்கு 'சிக் ஜாரும்' என்று பெயர் வைத்தார்கள். மலாயில் ஊசியம்மா என்று அர்த்தம். இதெல்லாம் அவளுக்கு வலித்தது. ஆனால் அவளை நிமிரவிடாமல் அழுத்தியது இது இல்லை.

நிறுவனம் ஊசியோடு போனதற்கு எச்சரிக்கை கொடுத்து, விசாரணைத் தேதியைத் தள்ளி வைத்தது. கூடவே, தானாக முன்வந்து சொன்னதற்குப் பாராட்டும் கொடுத்தது. அவள் படத்தை நடைவழியில் மாட்டி, கீழே 'துணிந்து சொன்னவர்' என்று போட்டார்கள். ரோஹானா அந்தப் படத்தைப் போனில் வாங்கிக்கொண்டு, புக்கிட் தெங்காவில் தான் வேலை பார்த்த தொழிற்சாலையில் பக்கத்து மேசைக்காரிகளுக்கெல்லாம் காட்டினாள். பள்ளிவாசலில் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தன் பேர் கெட்டாலும் பரவாயில்லை என்று சொன்ன பிள்ளை என்றார்கள். நஜ்வா அந்த நடைவழியைத் தவிர்த்துப் பின்பக்கமாகச் சுற்றிப் போக ஆரம்பித்தாள். பள்ளிவாசலுக்குப் போவதையும் குறைத்தாள். வெட்கத்தால் என்று எல்லோரும் நினைத்தார்கள். வெட்கத்தால்தான். எந்த வெட்கம் என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

அந்த நாட்களில் சிங்கப்பூரிலிருந்து ஓர் ஏஜெண்ட் அடிக்கடி கூப்பிட்டான். லைசென்ஸ் இருந்தால் போதும், மற்றது ஒன்றும் கேட்க மாட்டார்கள், அங்கே அவ்வளவு ஆள் தட்டுப்பாடு என்றான். போய்விடு என்றாள் ரோஹானா. ஊசியம்மா என்று கூப்பிடாத ஊருக்குப் போ. இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நஜ்வா கையிலிருந்த நெத்திலியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நான் சொல்றதாவே இல்ல."

ரோஹானாவுக்குப் புரியவில்லை.

"ஊசியைக் காணோம்னு தெரிஞ்சப்புறம் நான் போய்த் தொழுதேன். தண்ணி குடிச்சேன். கோத்தா பாரு போறதுன்னு நினைச்சிக்கிட்டிருந்தேன். ஃபராவைப் பாத்தப்புறம்தான் ஓடுனேன்."

"ஃபரா வரலேன்னா?"

"போயிருக்கும்."

ரோஹானா இன்னொரு மீனை எடுத்துக் கிள்ளினாள். பிறகு, சிங்கப்பூரில் இதை யாரும் கேட்கப் போவதில்லை என்று மெல்லச் சொன்னாள்.

"அதனாலதான் அக்கா போக முடியல" என்றாள் நஜ்வா.

தள்ளிப்போன விசாரணை வந்தது. தலைமையிடத்திலிருந்து துளசி என்ற தர அதிகாரி வந்திருந்தார். பக்கத்தில் அந்தோணிராஜ், அவர் சிபாரிசு இல்லாமல் அனுமதி கிடைக்காது. தொழில் கேள்விகளுக்கெல்லாம் நஜ்வா தடங்கலில்லாமல் பதில் சொன்னாள். துளசி தாள்களை மூடிக்கொண்டே, பாராட்டுகிற தொனியில், அன்றைக்குச் சொல்லத் துணிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பதில் என்னவாக இருந்தாலும் முடிந்துவிடும் கேள்வி அது. வாய் திறந்து இரண்டு நல்ல வார்த்தை சொன்னால் கையெழுத்து அவளுடையது.

"துணிவு இல்ல மேடம். என் தங்கச்சி அந்த பிளேன்ல ஏற வந்தா. அவ வராம இருந்திருந்தா நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். திறக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் உக்காந்திருந்தேன்."

துளசி ஏதோ கேட்க வாயெடுத்தார். அந்தோணிராஜ் அவரை முந்திக்கொண்டார்.

"அப்போ என் கையெழுத்தோட போயிருக்கும்."

"ஆமாண்ணே."

"நூத்துச் சொச்சம் பேரு. என் கையெழுத்தோட."

"ஆமாண்ணே."

அவர் எழுந்து போய்விட்டார். கதவைச் சாத்தக்கூட இல்லை. அனுமதி கிடைக்கவில்லை. நடைவழிப் படத்தை அவளே கேட்டுக் கழற்றச் செய்தாள். ஏன் என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் காரணம் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் அவள் கண் தரையில்தான் இருந்தது. பள்ளிவாசல் பெண்களுக்கும் சொன்னாள். இரண்டொருவர் அதற்குப் பிறகு கையைப் பிடிக்கவில்லை. அத்தா கடையில் மகள் பேச்சை நிறுத்திக்கொண்டார். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

தலைமையிடம் அவசரப்படுத்தியது. கையெழுத்துப் போட ஆளில்லாமல் விமானங்கள் தாமதமாகின்றன, லைசென்ஸ் உள்ள ஒருத்தியை ஏன் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று அந்தோணிராஜுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம். அவர் விடுப்பே எடுக்காமல் எல்லா விமானத்துக்கும் தானே நின்றார். முட்டி வீங்கி நொண்டினார். சிபாரிசு மட்டும் எழுதவில்லை. நஜ்வாவோடு வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவள் செய்த ஒவ்வொரு வேலைக்கும் கையெழுத்துப் போடுமுன், முகத்தைப் பார்க்காமலே ஒன்று கேட்பார்: "சொல்ல வேண்டியது இருக்கா?" அவள் ஒருமுறை மனதுக்குள் எல்லாவற்றையும் நடந்து பார்த்துவிட்டு, இல்லை என்பாள். மாதக்கணக்காக அதே கேள்வி, அதே பதில்.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல். கோத்தா பாரு விமானம். ஊருக்குப் போகிற கூட்டம், இடம் நிரம்பி, எல்லோரும் ஏறியாயிற்று. ஏற்கனவே தாமதம். அந்தோணிராஜ் பேனாவைத் திறந்தார், கேட்டார். நஜ்வா மனதுக்குள் நடந்து பார்த்தாள். எண்ணெய் ஊற்றியது ஞாபகம் வந்தது. மூடியை வைத்தது ஞாபகம் வந்தது. திருகி முடுக்கியது ஞாபகம் வரவில்லை. நடுவில் யாரோ கூப்பிட்டுத் திரும்பினாள், அவ்வளவுதான். கண்ணாடி வட்டங்களுக்குள் முகங்கள் தெரிந்தன. அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

"இருக்கு" என்றாள். "எண்ணெய் மூடி. முடுக்குனது ஞாபகம் இல்ல."

இன்ஜின் மூடியை மறுபடி திறக்க வேண்டும். விமானி தலையிலடித்துக்கொண்டார். மேலே படிக்கட்டில் நின்று ஓர் ஆள் போனில் படமெடுத்துக்கொண்டே, இந்தப் பொம்பளையால் ஜும்ஆ தொழுகையும் போச்சு, வீடும் போச்சு என்று மலாயில் கத்தினான். சாமான் பையன்களில் ஒருவன் 'சிக் ஜாரும்' என்று கையைத் தட்டினான். நஜ்வா ஏணியில் ஏறித் திறந்து பார்த்தாள். மூடி இறுக்கமாக இருந்தது. நன்றாகவே முடுக்கியிருந்தாள். மறுபடியும் ஒன்றுமில்லாததற்கு நின்ற விமானம். முகம் எரிய இறங்கி வந்து, இறுக்கமாகத்தான் இருக்கிறது என்றாள்.

அந்தோணிராஜ் தானும் ஏறிப் பார்த்தார், அந்த முட்டியோடு. இறங்கினார், கையெழுத்துப் போட்டார், விமானத்தை அனுப்பினார். அந்தப் படம் இரண்டு நாள் எல்லோர் போனிலும் சுற்றியது. சம்பந்தி சலேஹா ஜொகூரிலிருந்து ஃபரா மூலமாக, உன் அக்கா மறுபடியுமா என்று கேட்டனுப்பினாள்.

சிபாரிசு போனது அடுத்த வாரம். அந்தோணிராஜ் அதை அவளிடம் சொல்லவில்லை. தலைமையிடத்திலிருந்து துளசி கூப்பிட்டுச் சொல்லித்தான் தெரியும். நஜ்வா போய் அவர் முன்னால் நின்றபோது, அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, முட்டிக்கு ஆபரேஷன் செய்யப் போகிறேன், லீவு வேணும் என்றார்.

அவள் தலை இன்றைக்கும் முழுதாக நிமிரவில்லை என்று ரோஹானாவுக்குத் தெரியும். யாராவது அவளைப் பாராட்ட வாயெடுத்தால் எழுந்து போய்விடுவாள். அத்தா மட்டும் கடையில் மறுபடி பேச ஆரம்பித்திருக்கிறார், முன்னைவிடக் குரலைத் தாழ்த்தி.

அனுமதி வந்த பிறகு அவள் பொறுப்பில் நின்ற முதல் விமானம் கூச்சிங் போவது. மெக்கானிக் வேலையை முடித்து வந்தான். நஜ்வா ஏணியில் ஏறித் தானும் பார்த்து இறங்கினாள். சொல்ல வேண்டியது இருக்கா என்று அவனைக் கேட்டாள். அவன் இல்லை என்றான். அதையே தன்னையும் கேட்டுக்கொண்டு, பதில் வரும்வரை நின்றாள். அவசரப்படுத்திய விமானியைக் காத்திருக்கச் சொன்னாள். பிறகு எழுதினாள்.

நஜ்வா பிந்தி முஸ்தஃபா, 17 ஜூன் 2025, செவ்வாய்க்கிழமை.